நீர் உடும்பு ஆணா, பெண்ணா: எதை வைத்துச் சொல்லலாம், எதை நம்பக்கூடாது

கோலாலம்பூர், கெப்போங்கிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் முறையான உரிமத்தோடு வாங்கிய நீர் உடும்பு ஒன்று அவரிடம் இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை இப்போது நாலரை அடி. விற்றவர் ஆண் என்று சொன்னதால் வீரா என்று பெயர் வைத்திருக்கிறார். அண்மையில் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் வாலடியைப் பார்த்துவிட்டு இது பெண் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். வாலடியின் படங்கள் இரண்டை இணைத்து, யார் சொல்வது சரி, ஆண் என்றால் ஜோடிக்கு ஒரு பெண்ணை வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: பத்துப் பன்னிரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கூண்டின் மூலையை ஓயாமல் பிறாண்டுகிறது, மழை காரணமாக இருக்குமோ?

அந்தக் கடைசி வரியோடு சேர்த்துப் படித்தால் கேள்வியே மாறிவிடுகிறது. வயிற்றில் முட்டையோடு இடம் தேடும் பெண் உடும்பு இப்படித்தான் நடந்துகொள்ளும். எனவே உங்களுக்கு உடனே பதில் வேண்டியது, வீராவின் பெயர் பொருத்தமா என்பதற்கு அன்று. இந்த விலங்கு முட்டையிடப் போகிறதா, அப்படியானால் இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகளாக ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: படத்தைப் பார்த்து என்னால் ஆண் பெண் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் உறுதியாகத் தெரியும்வரை வீராவைப் பெண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முட்டையிட இடம் ஒன்றை இன்றே ஏற்பாடு செய்யுங்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் இந்த வாரத்துக்குள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுங்கள். ஆணைப் பெண் என்று எண்ணி மண்பெட்டி வைத்தால் ஒரு நட்டமும் இல்லை. பெண்ணை ஆண் என்று எண்ணி வெறும் சிமெண்டுத் தரையில் விட்டால் உயிரே போகலாம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வீட்டில் வளரும் பெண் உடும்புகள் இறப்பதற்கு முட்டைக் கோளாறு ஒரு முக்கியக் காரணம். ஆண் துணையே இல்லாவிட்டாலும், வயது வந்து உணவும் வெப்பமும் போதுமான அளவு கிடைத்தால் பெண்ணின் சூலகத்தில் மஞ்சள் கரு திரளும். சில வேளைகளில் அது முட்டையாகாமல் அங்கேயே தேங்கிவிடும். சில வேளைகளில் ஓடு மூடிய முட்டையாகவே வந்து, இடத் தகுதி போதவில்லை என்று தாய் அடக்கிக்கொள்ளும். இரண்டுமே நாள்பட்டால் வயிற்றுக்குள் மஞ்சள் கரு கசிந்து அழற்சி உண்டாகும். சில ஆண்டுகளுக்கு முன் செராஸிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் நீர் உடும்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தது. அகன்ற தலை, தடித்த கழுத்து, ராஜா என்று பெயர். அது ஆண் என்பதில் வீட்டில் யாருக்கும் ஐயமில்லை. நான் முதலில் பார்த்தது முன்னங்கால் நகங்களை. சிமெண்டைப் பிறாண்டிப் பிறாண்டி அவை பாதிக்குமேல் தேய்ந்து, இரண்டு விரல்களின் நுனியில் இரத்தம் காய்ந்திருந்தது. வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்ததும் திரையில் சாம்பல் நிற வட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரிசையாகத் தெரிந்தன. அறுவைச் சிகிச்சையில் திறந்தபோது ஒரு முட்டை ஏற்கெனவே உடைந்து உள்ளே பரவியிருந்தது. அந்த விலங்கு பிழைக்கவில்லை. அவர்கள் அன்பில்லாமல் வளர்த்தவர்கள் அல்லர். ஆண் என்ற நம்பிக்கையால், பிறாண்டுவதை வெளியே போகத் துடிப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் உடும்பு விஷயத்தில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது குறைவு. உணவை ஒதுக்குவதும் பிறாண்டுவதும் ஆணிடமும் உண்டு. வெயில் விளக்கின் சூடு குறைந்தாலும், குடற்புழு இருந்தாலும், கூண்டு சிறுத்துப்போனாலும் அப்படிச் செய்யும். ஆனால் பிறாண்டும் விதத்தில் கவனிக்க வேண்டியது உண்டு. வெளியேறப் பார்க்கும் உடும்பு கம்பியையும் கதவையும் மேல்நோக்கித் தாக்கும். முட்டைக்கு இடம் பார்க்கும் பெண் தரையை நோக்கி, முன்னங்கால்களால் மாறிமாறி வாரி, நடுவில் நின்று மூக்கை மண்ணில் புதைத்து நாக்கை நீட்டிச் சோதிக்கும். ஓரிடத்தை விட்டு இன்னோரிடம் போகும். மறுபடி முதல் இடத்துக்கே வரும். கூடவே வயிறு பக்கவாட்டில் பிதுங்குவதும், அதே நேரத்தில் வாலடியும் இடுப்பும் மெலிவதும் தெரிந்தால் ஐயம் வலுக்கிறது. உடலில் சேர்த்த கொழுப்பை முட்டைக்குக் கொடுத்துவிடுவதால் வரும் மெலிவு அது. மூலையைப் பிறாண்டுகிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கீழ்நோக்கியா மேல்நோக்கியா என்று ஒரு மாலை முழுதும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

மண்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஒரு பேசினில் ஈர மணலைக் கொட்டி வைத்துவிட்டு, அது ஏற்றுக்கொள்ளவில்லை என்கிறார்கள். இயற்கையில் நீர் உடும்பு கரையோர மண்ணில் வளை தோண்டியோ, கரையான் புற்றைக் குடைந்தோ முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். நாலரை அடி விலங்கு தன் உடம்பை முழுதாக நுழைத்துத் திரும்பும் அளவுக்கு இடம் வேண்டும். ஒரு மீட்டர் நீளமும், குறைந்தது 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தொட்டியில் தோட்ட மண்ணும் மணலும் கலந்து நிரப்புங்கள். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. தோண்டிய சுரங்கம் இடிந்து விழுந்தால் பெண் அந்த இடத்தைக் கைவிட்டுவிடும். மண்ணின் உள்வெப்பம் 28 முதல் 31 டிகிரி வரை இருக்கட்டும். நம் ஊர் வெப்பத்துக்குக் கூரை நிழலில் வைத்தாலே பெரும்பாலும் அது கிடைத்துவிடும். மழை நீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பரப்பைப் பலகையால் மூடி இருட்டாக்குங்கள். பிறகு, தோண்டுகிறதா என்று மணிக்கொரு தரம் பலகையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் முட்டையை அடக்கிக்கொள்வது இந்த விலங்கின் இயல்பு.

சோர்ந்து படுத்துவிட்டாலோ, கண் குழி விழுந்தாலோ, பின்னங்கால் தளர்ந்தாலோ, முக்கியும் ஒன்றும் வராவிட்டாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். வாயைத் திறந்து உணவைத் திணிப்பது, வயிற்றை அமுக்கி முட்டையைத் தள்ளப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். முட்டை ஓடு தோல் போல மென்மையானது. அமுக்கினால் உள்ளேயே கிழியும்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டதற்கு வருகிறேன். வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்வது ஏன் இவ்வளவு கடினம்? நாய், பூனை போல வெளியே தெரியும் உறுப்பு எதுவும் உடும்புக்கு இல்லை. ஆணுக்கு ஹெமிபீனிஸ் எனப்படும் இணையும் உறுப்பு இரண்டு. பொதுக்கழிவாய்க்கு, அதாவது கழிவும் முட்டையும் வெளிவரும் ஒரே வாய்க்குப் பின்னால், வாலடியின் இரு பக்கமும் உட்புறமாகத் திரும்பி அடங்கியிருக்கும். அதனால்தான் ஆணுக்கு வாலடி புடைத்திருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பெண்ணுக்கும் அதே இடத்தில், அதே அமைப்பில், சற்றுச் சிறியதாக இரண்டு உறுப்புகள் உண்டு. அவையும் வெளியே பிதுங்கி விரியக்கூடியவை. ஹெமிகிளிட்டோரிஸ் என்று அவற்றைத் தெளிவாக விளக்கி ஜெர்மானிய ஊர்வனவியலாளர் வோல்ஃப்காங் போமே 1995இல் எழுதினார். அதற்கு முன்பு, வெளியே பிதுங்கியதைக் கண்டாலே ஆண் என்று முடிவுகட்டிய பதிவுகளில் பெண்களும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இதோடு கொழுப்பும் சேர்ந்துகொள்கிறது. வீட்டு உடும்புகள் பெரும்பாலும் தேவைக்கு மேல் தின்று வளர்பவை. மிஞ்சிய கொழுப்பு வாலடியிலும் தங்கும். உங்கள் படத்தில் தெரியும் இரண்டு புடைப்பும் ஆணுறுப்பாக இருக்கலாம், பெண்ணின் சிறிய உறுப்பும் கொழுப்புமாக இருக்கலாம். விற்றவரும் உங்கள் நண்பரும் அதே புடைப்பைப் பார்த்துத்தான் எதிரெதிரான முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உடல் அளவைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசலாம். நீர் உடும்பில் ஆண்கள் பெண்களைவிடப் பெரிதாக வளர்கின்றன. தோல் வணிகத்துக்காகச் சுமத்ராவில் கொல்லப்பட்ட விலங்குகள் இதற்குச் சான்று. 1990களில் ஆஸ்திரேலிய ஊர்வனவியலாளர் ரிச்சர்ட் ஷைனும் உடனாய்வாளர்களும் அங்கே ஆராய்ந்தபோது பால் எதுவென்று உடலைத் திறந்து பார்த்தே பதிந்தார்கள். இலங்கையில் கண்டி ஏரியில் பிடிபட்ட ஒன்று மூன்று மீட்டரைத் தாண்டியது என்று பதிவு உண்டு. உங்கள் விலங்கு இரண்டு மீட்டரைத் தாண்டித் தடித்து நின்றால், ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நானும் சொல்வேன். ஆனால் நாலரை அடி என்பது இரண்டுக்கும் பொதுவான அளவு. முழு வளர்ச்சி பெற்ற பெண்ணாகவும் இருக்கலாம், இன்னும் வளர வேண்டிய ஆணாகவும் இருக்கலாம். அகன்ற தலை, தடித்த தாடை என்பவையும் இப்படித்தான். ஒரே வயதில், ஒரே உணவில், ஒரே இடத்தில் வளர்ந்த பத்து விலங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வேறுபாடு கண்ணுக்குப் படும். தனியாக ஒன்றை வைத்துக்கொண்டு தலை அகலம் என்றால், எதைவிட அகலம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. குஞ்சைக் காட்டி ஆண் பெண் சொல்லி விற்பவரிடம் அதற்காக ஒரு ரிங்கிட்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும், இணையத்தில் அதைப் படித்துவிட்டுப் பலர் தங்கள் நீர் உடும்பிடம் தேடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் குள்ள உடும்புகள் சிலவற்றில், குறிப்பாக முள்வால் உடும்பில், வளர்ந்த ஆணின் வாலடியில் பொதுக்கழிவாய்க்கு இரு பக்கமும் கூரிய முள் செதில்கள் கொத்தாக நிற்கும். விரலைப் பின்னாலிருந்து முன்னால் மெல்ல நகர்த்தினால் அரம் போல உரசும். பெண்ணிடம் அது மிகவும் மழுங்கியிருக்கும். அந்த இனத்தில் இது நல்ல அடையாளம். நம் நீர் உடும்பில் அந்த முள் கொத்து கிடையாது. இல்லை என்பதை வைத்துப் பெண் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்தது, கம்பி விட்டுப் பார்ப்பது. பாம்பு வளர்ப்பவர்கள் மழுங்கிய உலோகக் கம்பியைப் பொதுக்கழிவாய் வழியே வாலடிக்குள் செலுத்தி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்துப் பாலைச் சொல்வார்கள். பாம்பில் அது பெரும்பாலும் சரியாகவே வரும். உடும்பில் வராது, பெண்ணிடமும் உள்ளே போவதற்குப் பை இருப்பதால் இரண்டின் ஆழமும் ஒன்றையொன்று தழுவிவிடுகிறது. தவிர, முரண்டு பிடிக்கும் விலங்கில் கம்பி பையைக் கிழித்துவிடும். வாலடியை விரலால் அழுத்தி உறுப்பை வெளியே பிதுக்கும் முறையும், உப்பு நீரை ஊசியால் ஏற்றி வெளித்தள்ளும் முறையும் உண்டு. இரண்டையும் வீட்டில் செய்யாதீர்கள், செய்து தருகிறேன் என்று வருபவரிடமும் விலங்கைக் கொடுக்காதீர்கள். வெளியே வந்தது உள்ளே திரும்பாமல் வீங்கிக் கறுத்து, கடைசியில் வெட்டி எடுக்க நேர்ந்த விலங்குகளுக்கு நான் மருத்துவம் பார்த்திருக்கிறேன்.

தானாக வெளிவருவதைப் பார்ப்பது வேறு. அது பயனுள்ளது, தீங்கும் இல்லை. நீர் உடும்பு பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியில்தான் கழிக்கும். அந்தச் சில விநாடிகளில் உறுப்பு ஒரு பக்கமோ இரு பக்கமோ வெளியே விரிந்து மறுபடி உள்ளே போவது உண்டு. கைப்பேசியைத் தயாராக வைத்துப் படம் பிடியுங்கள். வளர்ந்த ஆணுடையது தடித்து, நீண்டு, இளஞ்சிவப்பாக, பக்கவாட்டில் வரிவரியாக மடிப்புகளோடு இருக்கும். பெண்ணுடையது சிறியதாகவும் மடிப்பு குறைந்தும் இருக்கும். தெளிவான படம் கிடைத்தால், இனம் தெரிந்த ஒருவர் ஓரளவு நம்பிக்கையோடு கருத்துச் சொல்லலாம். கருத்து என்றுதான் சொல்கிறேன், முடிவு என்று சொல்லவில்லை. இளம் ஆணுடையதும் சிறியதாகவே இருக்கும். வெளியே வந்தது சில நிமிடங்களில் உள்ளே போகவில்லை என்றால் ஈரத் துணியால் மூடி, காயவிடாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

நடத்தையை வைத்துச் சொல்வதும் அரைகுறைதான். தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கு விடியற்காலையில் நடக்கப் போகிறவர்கள், இரண்டு பெரிய நீர் உடும்புகள் பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களால் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கலாம். இணை சேர்கின்றன என்று நினைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அது ஆண்களுக்கிடையிலான மல்லுக்கட்டு. எதிரியைக் கீழே சாய்த்து மேலே படுப்பதே நோக்கம். கீழே விழுந்தது தோல்வியை ஏற்று ஓடிவிடும். ஓடுவதற்கு ஏரி முழுதும் இடம் இருக்கிறது. உங்கள் கூண்டில் அந்த இடம் இல்லை. ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிப் படுத்ததைப் பார்த்துக் கீழே இருப்பது பெண், ஜோடி சேர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள், ஒரு வாரம் கழித்து விரல் துண்டான விலங்கோடு வந்திருக்கிறார்கள். பெண்ணும் பெண்ணும்கூடச் சண்டையிடும். ஆகவே வீராவின் பாலும், வரப்போகும் விலங்கின் பாலும் இரண்டுமே உறுதியாகும்வரை ஜோடி என்ற பேச்சை எடுக்க வேண்டாம்.

அப்படியானால் எதை நம்பலாம்? முட்டையிட்டால் பெண், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. அதற்கு அடுத்தபடி ஸ்கேன். வளர்ந்த பெண்ணின் சூலகத்தில் மஞ்சள் கரு திரளும் காலத்தில் ஸ்கேன் எடுத்தால் தெளிவாகத் தெரியும், மயக்க மருந்தும் வேண்டாம். திரளாத காலத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் ஒருமுறை தெரியவில்லை என்பதை ஆண் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. உங்கள் நிலையில் ஸ்கேனே முதல் தேர்வு, ஏனென்றால் பாலைவிட முக்கியமான கேள்விக்கு, முட்டை இருக்கிறதா என்பதற்கு, அது நேராகப் பதில் சொல்லிவிடும். எக்ஸ்ரேயைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். சில உடும்பு இனங்களில் வளர்ந்த ஆணின் உறுப்பு நுனியில் எலும்பு போல இறுகிய சிறு துண்டு உருவாகி, வாலடியில் வெண்ணிறக் கீற்றாகப் படத்தில் விழும். தெரிந்தால் ஆண் என்பதற்கு அது வலுவான சான்று. தெரியாவிட்டால் அதற்குப் பொருள் எதுவும் இல்லை; வயது போதாமல் இருக்கலாம், அந்த இனத்தில் இறுகாமலே இருக்கலாம். முட்டை ஓட்டில் சுண்ணாம்பு குறைவாக இருப்பதால் முட்டைகூட எக்ஸ்ரேயில் மங்கலாகத்தான் விழும். மயக்கம் கொடுத்து, விலாப்பக்கம் சிறு துளையிட்டு, எண்டோஸ்கோப்பிக் குழாயால் சூலகத்தையோ விந்தகத்தையோ நேரில் பார்ப்பது மிக உறுதியான வழி. விலங்குக்காட்சிச் சாலைகளில் இனப்பெருக்கத் திட்டத்துக்காக அதைச் செய்கிறார்கள். வெறும் ஆர்வத்துக்காக ஒரு வீட்டு விலங்கை மயக்க மருந்துக்கு உட்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரத்தத்தை வைத்து மரபணுச் சோதனை செய்யலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அடிப்படை சரியானது. பினாங்கில் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் முட்டையிடும் பச்சை ஆமைகளுக்கு, மண்ணின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. உடும்புக்கு அப்படி இல்லை. பறவைகளைப் போல, ஆணுக்கு இசட் குரோமோசோம் இரண்டு; பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. டபிள்யூவுக்கு மட்டுமே உரிய ஒரு துணுக்கைக் கண்டுபிடித்தால் பெண் என்று சொல்லிவிடலாம். கொமோடோ உடும்புக்கு அத்தகைய சோதனை நெடுநாளாகவே இருக்கிறது. ஆனால் ஓர் இனத்துக்குச் சரியாக வரும் சோதனை இன்னோர் இனத்துக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பால் முன்பே தெரிந்த நீர் உடும்புகளில் சரிபார்த்த சோதனையா என்று ஆய்வகத்தைக் கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நீர் உடும்பு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் அதன் இரத்த மாதிரியும் வனவிலங்குப் பொருளாகவே கருதப்படும். அனுமதியின்றி அதை உறையில் போட்டு வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அஞ்சல் செய்வது சட்டமீறல். இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதே குரோமோசோம் அமைப்பால் விளையும் வியப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அது நேரடியாகத் தேவைப்படலாம். 2006இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சிச் சாலையில் ஃபுளோரா என்ற கொமோடோ உடும்பு, ஆணோடு சேர்ந்ததே இல்லாமல் கருவுள்ள முட்டைகளை இட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் குஞ்சுகள் பொரிந்தன. தாயின் முட்டை தானே இரட்டித்துக்கொள்ளும்போது இரண்டு டபிள்யூ சேர்ந்த கரு பிழைப்பதில்லை, இரண்டு இசட் சேர்ந்ததே பிழைக்கிறது. எனவே அப்படிப் பிறப்பவை எல்லாம் ஆண். வேறு சில உடும்பு இனங்களிலும் இது பதிவாகியிருக்கிறது. தனியாக வளர்ந்த வீராவின் தொட்டியில் முட்டையைப் பார்த்தால் பெரும்பாலும் அது கருவில்லாத முட்டையாகவே இருக்கும். ஆனாலும் தனியாக இருந்ததே, எப்படி முட்டை வரும் என்று கேட்டு அறிகுறிகளை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆணுறுப்பைப் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஹத்தா ஜோடி என்ற பெயரில், செல்வம் சேர்க்கும் அபூர்வ வேர் என்று சொல்லி இணையத்தில் ஒரு பொருளை விற்கிறார்கள். இரு கை கூப்பியது போன்ற வடிவம். அது எந்தச் செடியின் வேரும் அல்ல. இந்தியாவில் ஆண் உடும்பைக் கொன்று வெட்டிக் காயவைத்த அதே இணையும் உறுப்பு. 2017இல் இது ஆய்வகச் சோதனைகளால் வெளிச்சத்துக்கு வந்தது. தமிழ்நாட்டு உடும்பு சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கும் விலங்கு. நம் வீட்டுப் பூஜை அறைக்கு யாராவது ஊரிலிருந்து வாங்கி வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டாவது விலங்கு என்ற எண்ணம் இருப்பதால் சொல்கிறேன். தீபகற்ப மலேசியாவில் நீர் உடும்பு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உங்களிடம் உள்ள உரிமத்தை வைத்து இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் ஒன்று திரிகிறது, பிடித்துக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள், கூடாது. வீரா முட்டையிட்டு, அதில் கரு இருப்பதாகத் தெரிந்தால், பொரிக்க வைப்பதற்கு முன்பே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நீர் உடும்பு முட்டை பொரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் விசாரிக்க உங்களுக்கு அவகாசம் இருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது, முன்கூட்டியே தொலைபேசியில் உடும்பு பார்ப்பீர்களா, ஸ்கேன் வசதி உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கும் இடங்களே அதிகம். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையையும் கேட்டுப் பார்க்கலாம். காற்றோட்டமுள்ள மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், அடியில் துண்டு விரித்து, இருட்டாக வைத்துக் கொண்டு போங்கள்; முன் சீட்டில் குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும்படி வைக்க வேண்டாம். கடைசியாக எப்போது என்ன தின்றது, எப்போது கழித்தது, வெயில் விளக்கின் அடியில் எவ்வளவு சூடு, சமையலறைத் தராசில் நிறுத்த பழைய எடை எதுவும் குறித்து வைத்திருந்தால் அது, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறாண்டுவதை ஒரு நிமிடக் காணொளியாக எடுத்துக் காட்டுங்கள். ஸ்கேனில் முட்டை தெரிந்தால், ஓடு மூடியதா இல்லையா என்று கேளுங்கள். மூடியிருந்தால் மண்பெட்டியில் எத்தனை நாள் விட்டுப் பார்க்கலாம், எப்போது அறுவைச் சிகிச்சை என்று அவர் சொல்வார். மூடாமல் தேங்கியிருந்தால் சில நாள் கழித்து மறு ஸ்கேன் கேட்பார். முட்டை எதுவும் இல்லை என்றால் மலப் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்துவிட்டு வாருங்கள், உணவை ஒதுக்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். முடிவு எதுவானாலும் இங்கே வந்து எழுதுங்கள். ஸ்கேன் படம் கிடைத்தால் அதையும் போடுங்கள், என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.